வெறும் செல் என்ன சொல்கிறது? கன்னாபினாய்டு ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்த மாணவர் இரண்டாவது மாதத்தில் ஒரு வரைபடத்தோடு என் மேசைக்கு வருவார். மருந்து போட்டதும் கோடு மேலே போயிருக்கும், முகமும் மலர்ந்திருக்கும். நான் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "ஏற்பி இல்லாத செல்லில் போட்டுப் பார்த்தீங்களா?" (ஏற்பி என்றால் மருந்து வந்து பிணையும் செல் புரதம்.) பாதி நேரம் பதில் வராது. அப்புறம் போட்டுப் பார்த்தால், அங்கேயும் அதே கோடு மேலே போயிருக்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

எந்த மருந்தியல் ஆய்விலும் இந்தக் காக்கை உண்டு. கன்னாபினாய்டு, அதாவது கஞ்சாவில் இருப்பவை, அவற்றைப் போல வேலை செய்பவை பற்றிய ஆய்வில் அடிக்கடி வந்து உட்காரும். நாம் கையாளும் மூலக்கூறுகள் எண்ணெய் மாதிரி. பிளாஸ்டிக்கில் ஒட்டும், செல் சவ்வில் கரையும், அளவு கூடினால் சம்பந்தமில்லாத புரதங்களையும் சீண்டும். ஆகவே முதல் சில மாதங்களில் என்ன செய்ய வேண்டும், எங்கே கால் இடறும் என்பதை வேலை நடக்கும் வரிசையிலேயே சொல்கிறேன். உயிரியலோ மருந்தியலோ படித்து, பிப்பெட் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் போதும்.

ஆரம்பிக்கும் முன் தமிழில் எழுதுவதால் வரும் ஒரு சின்னச் சங்கடம். ஏற்பிகளின் பெயர் சிபி1, சிபி2. நாம் அதிகம் பயன்படுத்தும் செயற்கை மருந்தின் பெயர் சிபி-55940. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் வேறு வேறு எழுத்து, தமிழில் ஒன்றாகிவிடுகிறது. ஒற்றை இலக்கம் வந்தால் ஏற்பி, ஐந்து இலக்கம் வந்தால் மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: பழைய கதையை ஒருமுறை படியுங்கள்

வரலாறு தேர்வுக்கு மட்டும்தான் என்று தள்ளிவிடாதீர்கள். இந்தத் துறையில் கன்ட்ரோல் (ஒப்பீட்டுச் சோதனை) எப்படி வைப்பது என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

1964இல் இஸ்ரேலில் ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் காவோனியும், போலீஸ் பறிமுதல் செய்து வைத்திருந்த ஹஷீஷிலிருந்து கஞ்சாவின் பிரதான போதைப் பொருளான டிஎச்சியைப் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பைச் சொன்னார்கள். அது உடம்பில் எப்படி வேலை செய்கிறது என்று தெரிய இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டிஎச்சி நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் அது செல்லின் கொழுப்புச் சவ்வுக்குள் புகுந்து சவ்வை இளக்கிவிடுகிறது, தனியாக ஏற்பி எதுவும் தேவையில்லை என்று பலர் நம்பினார்கள். கேட்டால் நியாயமாகத்தான் இருக்கிறது.

அந்த நம்பிக்கையை உடைத்த சான்றுகளில் எனக்குப் பிடித்தது கண்ணாடிப் பிம்பச் சோதனை. ஒரு மூலக்கூறும் அதன் கண்ணாடிப் பிம்பமும் கொழுப்பில் ஒரே மாதிரிதான் கரையும். சவ்வு இளகுவதுதான் காரணம் என்றால் இரண்டும் ஒரே அளவுக்கு வேலை செய்ய வேண்டும். ஆனால் எச்யூ-210 என்ற செயற்கைக் கன்னாபினாய்டு டிஎச்சியைவிடப் பல மடங்கு வீரியமானது. அதன் பிம்பமான எச்யூ-211 கன்னாபினாய்டு விளைவு எதையும் காட்டுவதில்லை. வலது கைக் கையுறை இடது கையில் சரியாக ஏறாது. அப்படிப் பிரித்துப் பார்க்கிற ஏதோ ஒரு கை உள்ளே இருந்தாக வேண்டும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஆலின் ஹவ்லெட், நரம்புக் கட்டிச் செல்களில் கன்னாபினாய்டுகள், செல்லுக்குள் செய்தி சுமக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்ற மூலக்கூறைக் குறைப்பதைக் காட்டினார். கக்குவான் இருமல் கிருமியின் நச்சான பெர்டுசிஸ் டாக்சினைப் போட்டால் அந்தக் குறைவு நின்றுவிடுகிறது. அந்த நச்சு முடக்குவது ஜிஐ என்ற புரதக் குடும்பத்தை. 1988இல் அவரும் வில்லியம் டிவேனும் மற்றவர்களும் சேர்ந்து, கதிரியக்க அடையாளமாக ட்ரிட்டியம் ஏற்றிய சிபி-55940 எலி மூளைச் சவ்வில் குறிப்பிட்ட இடத்தில் பிணைவதை நேரடியாக அளந்தார்கள். 1990இல் லிசா மட்சுடா குழு, எதனோடு பிணையும் என்று தெரியாமல் அனாதையாகக் கிடந்த ஒரு ஏற்பியின் மரபணுவைச் செல்களில் ஏற்றினார்கள். ஏற்றிய செல்கள் டிஎச்சிக்குப் பதில் சொல்லின, ஏற்றாத செல்கள் சும்மா இருந்தன. அதுதான் சிபி1. நான் மாணவர்களிடம் கேட்கும் கேள்வி என் சொந்தச் சரக்கு இல்லை. அந்தக் கட்டுரையிலேயே இருக்கிறது.

சிபி2 வந்தது 1993இல், நோய் எதிர்ப்புச் செல் மரபிலிருந்து. 1992இல் மெக்கூலம் குழுவில் இருந்த டிவேன், பன்றி மூளையிலிருந்து உடம்பு தானே தயாரிக்கும் முதல் கன்னாபினாய்டைப் பிரித்து ஆனந்தமைடு என்று பெயர் வைத்தார். அந்த ஆனந்தம் நம்முடைய ஆனந்தமேதான். 1995இல் இரண்டாவது, 2-ஏஜி. மூளையில் அளவில் அதிகம் இருப்பது இதுதான், ஆனால் பெயரின் அழகால் ஆனந்தமைடுக்குத்தான் புகழ்.

இரண்டாம் படி: சமிக்ஞைப் பாதையைக் கையால் வரையுங்கள்

பாடநூல் படத்தை நகலெடுத்துச் சுவரில் ஒட்டாதீர்கள். வெள்ளைத் தாளில் நீங்களே வரையுங்கள். சவ்வை ஏழுமுறை ஊடுருவும் ஏற்பி, அதன் அடியில் மூன்று துண்டு ஜி புரதம். மருந்து பிணைந்ததும் ஆல்ஃபா துண்டு தனியாகப் பிரிந்து அடினைலைல் சைக்ளேஸ் என்ற நொதியை அடக்கும். சைக்ளிக் ஏஎம்பி குறையும். பீட்டா-காமா துண்டுகள் கால்சியம் வாயில்களை மூடும், பொட்டாசியம் வாயில்களைத் திறக்கும். இன்னொரு பக்கம் ஈஆர்கே என்ற கைனேஸ் பாஸ்பேட் ஏறி விழித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் ஏற்பியின் வாலில் பாஸ்பேட் ஏற, பீட்டா அரெஸ்டின் வந்து ஒட்டி, ஏற்பியை உள்ளே இழுத்துக்கொண்டு போகும்.

இப்போது ஒவ்வொரு அம்புக்குறியின் பக்கத்திலும் நேரம் எழுதுங்கள். வாயில்கள் நொடிகளில். சைக்ளிக் ஏஎம்பி, ஈஆர்கே நிமிடங்களில். ஏற்பி உள்ளே போவது பத்து நிமிடத்திலிருந்து மணிக்கணக்கு வரை. மொத்த ஏற்பி எண்ணிக்கையே குறைவது மணிகளிலும் நாட்களிலும். இந்த நேரக் குறிப்பு இல்லாத படம் ஒன்றுக்கும் உதவாது. அரை மணி கழித்து ஈஆர்கே பார்த்துவிட்டு, "இந்த மருந்து வேலை செய்யவில்லை" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். மருந்து வேலை செய்து முடித்துவிட்டது, இவர் தாமதமாகப் போயிருக்கிறார்.

நரம்புச் செல்லில் ஒரு விசேஷம், அதையும் படத்தில் சேருங்கள். வழக்கமாகச் செய்தி முதல் செல்லிலிருந்து அடுத்த செல்லுக்குப் போகும். கன்னாபினாய்டு எதிர்த் திசை: செய்தி வாங்கிய செல் 2-ஏஜியைத் தயாரித்து, அனுப்பிய செல்லுக்கே திருப்பி அனுப்புகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் சிபி1, "போதும், குறைத்துக்கொள்" என்று சமிக்ஞை வெளியீட்டை மட்டுப்படுத்துகிறது. 2001இல் மூன்று குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. மூளையில் சிபி1 ஏன் இவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதற்கு இது ஒரு பெரிய பதில்.

மூன்றாம் படி: ஐந்து மருந்துகளோடு பழகுங்கள்

நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஐந்து தெரிந்தால் ஆறு மாதம் ஓட்டலாம்.

சிபி-55940 முழு அகோனிஸ்ட். அதாவது ஏற்பியை முழு அளவுக்குத் தூண்டக்கூடியது. சிபி1, சிபி2 இரண்டிலும் ஒட்டும். உங்கள் அளவுகோல் இதுதான்; மற்ற எல்லாவற்றையும் இதன் உச்ச விளைவை நூறு சதவீதமாக வைத்து ஒப்பிடுங்கள்.

வின்-55212-2 இன்னொரு அகோனிஸ்ட். அமைப்பில் டிஎச்சியின் சாயலே கிடையாது. நல்ல மருந்து, ஆனால் ஒரு மைக்ரோமோலாரைத் தாண்டினால் ஏற்பியோடு சம்பந்தமில்லாத வேலைகளிலும் இறங்கும். இதற்கும் கண்ணாடிப் பிம்பம் கிடைக்கிறது. கூடவே வாங்கி வைத்தால் பின்னால் புண்ணியம்.

டிஎச்சி பகுதி அகோனிஸ்ட். எவ்வளவு ஊற்றினாலும் உச்சத்தைத் தொடாது. சிபி-55940 இருக்கும் இடத்தில் போட்டால் அதற்கே இடைஞ்சலாகவும் இருக்கும். கஞ்சாவின் பிரதான போதைப் பொருள் ஒரு அரைகுறை அகோனிஸ்ட் என்பது புதியவர்களுக்கு எப்போதும் ஆச்சரியம்.

எஸ்ஆர்-141716ஏ, பிந்திய பெயர் ரிமோனாபன்ட். 1994இல் வந்த சிபி1 தடுப்பான். சும்மா இருக்கும் ஏற்பியிலும் ஓரளவு தானாகவே சமிக்ஞை ஓடிக்கொண்டிருக்கும்; இது அதையும் அணைப்பதால் தலைகீழ் அகோனிஸ்ட் என்பார்கள். இதே மருந்து உடல் பருமனைக் குறைக்க 2006இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்து, மனச்சோர்வு முதலிய பக்கவிளைவுகளால் 2008இல் நிறுத்தப்பட்டது. பசியை அடக்கும் இடத்தில் மட்டுமா சிபி1 இருக்கிறது? மேலே வரைந்த படத்தைப் பார்த்தாலே ஏன் அப்படி ஆனது என்று ஊகிக்கலாம்.

கடைசியாகச் சிபிடி. டிஎச்சியும் இதுவும் ஒரே மூலக்கூறு எடை, 314.46, அணுக்களும் அதே எண்ணிக்கை, ஒரு வளையம் மூடியிருப்பதுதான் வித்தியாசம். ஆனால் சிபி1இன் வழக்கமான பிணைப்பிடத்தில் சிபிடி பலவீனமாகத்தான் ஒட்டும். அது வேறு பல புரதங்களிலும் கை வைப்பதால், சிபிடியோடு முதல் சோதனையைத் தொடங்காதீர்கள். கிடைக்கும் விளைவு எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடிப்பதற்குள் வருடம் முடிந்துவிடும்.

ஆனந்தமைடு இந்தப் பட்டியலில் ஏன் இல்லை? செல்லில் இருக்கும் எஃப்ஏஏஎச் என்ற நொதி அதை உடைத்துவிடும். போதாக்குறைக்கு, மிளகாயின் காரத்தை உணரும் டிஆர்பிவி1 வாயிலையும் அது தூண்டும். பழகிய பிறகு தொடலாம்.

டிஎச்சி பெரும்பாலான நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். உரிமம், பூட்டிய பெட்டி, மைக்ரோலிட்டர் கணக்கில் பதிவேடு எல்லாம் உண்டு. உரிமம் வரத் தாமதமாகும். அதுவரை செயற்கை மருந்துகளில் சிலவற்றோடு வேலையைத் தொடங்க முடியுமா என்று ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். சில நாடுகளில் அவற்றுக்கும் கட்டுப்பாடு இருக்கிறது.

நான்காம் படி: கரைப்பதும் நீர்ப்பதும்

இங்கேதான் நிதானம் வேண்டும். வீணாகும் சோதனைகளில் பெரும்பகுதி செல்லைத் தொடும் முன்பே வீணாகிவிடுகின்றன.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் அளந்துதான் போடுகிறோம். ஆனால் அளந்தது செல்லுக்குப் போய்ச் சேர்வதில்லை. கொழுப்பை விரும்பும் மூலக்கூறு நீரில் இருக்கப் பிடிக்காமல் குழாயின் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் குழாயில் கொஞ்சம் இழப்பு, அதிலிருந்து எடுத்து இரண்டாவதில் நீர்த்தால் இன்னும் இழப்பு. எட்டாவது குழாயில் லேபிள் ஒரு நானோமோலார் என்று சொல்லும். உள்ளே அதில் கால்வாசி இருந்தால் அதிர்ஷ்டம்.

எனக்கே நடந்தது. தொடக்கத்தில் இரண்டு மாதம் என் சிபி-55940 கோடு மற்றவர்கள் சொல்வதைவிடப் பத்து மடங்கு வலப்பக்கம் தள்ளியே வந்தது. மருந்து கெட்டுவிட்டது என்று புதிதாக வாங்க வைத்தேன். புது மருந்தும் அதே கதை. பக்கத்து மேசையில் இருந்தவர் நான் வேலை செய்வதை ஒரு நாள் பார்த்துவிட்டு, "தண்ணியிலயா நீர்க்கிறே?" என்றார். அவ்வளவுதான். பஃபரில், பிளாஸ்டிக் குழாயில், வரிசையாகப் பதினொரு முறை நீர்த்துக்கொண்டிருந்தேன்.

சரியான முறை இது. தொடர் நீர்ப்பு முழுவதையும் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானிலேயே செய்யுங்கள். அதில் மூலக்கூறு நிம்மதியாகக் கரைந்து இருக்கும், சுவரைத் தேடாது. சிபி-55940இன் மூலக்கூறு எடை 376.6. ஒரு மில்லிகிராம் தூளை 265.5 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கரைத்தால் 10 மில்லிமோலார். இதிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து 21.6 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓவில் கலந்தால் 3.16 மடங்கு நீர்த்தது. மடக்கைக் கணக்கில் சரியாக அரைப் படி. அதிலிருந்து மறுபடி 10 எடுத்து 21.6இல். இப்படிப் பத்து முறை செய்தால் 10 மில்லிமோலாரிலிருந்து 100 நானோமோலார் வரை பதினொரு குழாய் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பிப்பெட் முனையை மாற்றுங்கள். மாற்றாவிட்டால் முந்தைய குழாயின் மருந்து முனையில் ஒட்டிக்கொண்டு அடுத்ததற்கும் சவாரி செய்யும்.

அப்புறம் ஒவ்வொன்றையும் ஒரே ஒரு முறை நூறு மடங்கு பஃபரில் நீர்க்க வேண்டும். அந்தப் பஃபரில் கொழுப்பமிலம் நீக்கிய பிஎஸ்ஏ, லிட்டருக்கு ஒரு கிராம், கரைந்திருக்க வேண்டும். பிஎஸ்ஏ நம் மூலக்கூறுகளை முதுகில் தூக்கிக்கொண்டு போகும் புரதம். கொழுப்பமிலம் நீக்கியது என்பது முக்கியம். சாதாரண பிஎஸ்ஏ ஏற்கெனவே வேறு கொழுப்புகளைச் சுமந்துகொண்டு வரும். கலந்த கையோடு செல் இருக்கும் கிண்ணத்தில் பத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால், கடைசி அளவு 10 மைக்ரோமோலாரிலிருந்து 0.1 நானோமோலார் வரை. டிஎம்எஸ்ஓ எல்லாக் கிண்ணத்திலும் ஒரே அளவு, 0.1 சதவீதம். மருந்து இல்லாத கிண்ணத்திலும் அதே 0.1 சதவீதம் டிஎம்எஸ்ஓ, அதே பிஎஸ்ஏ. "வெறும் கிண்ணம்" என்று நாம் சொல்வது இதைத்தான், வெறும் பஃபரை அல்ல. கண்ணாடிக் குழாய் கிடைத்தால் அதையே பயன்படுத்துங்கள், சிலிக்கோன் பூசியது என்றால் இன்னும் நல்லது. நீரில் கலந்ததை நாளைக்கு என்று எடுத்துவைக்கவே கூடாது.

டிஎச்சி தூளாக வராது. பெரும்பாலும் எத்தனாலிலோ மெத்தனாலிலோ கரைந்து வரும். நைட்ரஜன் வாயுவை மெல்ல ஊதி ஆல்கஹாலைப் போக்கினால் அடியில் பிசின் மாதிரி ஒட்டியிருக்கும். அதை டிஎம்எஸ்ஓவில் கரைத்துச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து, பழுப்புக் குப்பியில், உறைபெட்டியில் வையுங்கள். காற்றும் வெளிச்சமும் அதைச் சிபிஎன் என்ற வேறு கன்னாபினாய்டாக மாற்றும். கையுறை கட்டாயம். டிஎம்எஸ்ஓ தோலைத் தாண்டிப் போகும்போது தன்னில் கரைந்ததையும் கூட்டிக்கொண்டு போகும்.

ஐந்தாம் படி: செல்

சிபி1 ஏற்றிய ஹெக்293 அல்லது சிஎச்ஓ என்ற வளர்ப்புச் செல், கூடவே அதே செல் வகை, ஏற்பி ஏற்றாதது. இந்த இரண்டாவது தட்டை ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள். அதை வளர்ப்பது வேலை இரட்டிப்புத்தான், ஆனால் என்னைக் கேட்டால் முதல் தட்டைவிட அதற்குத்தான் மதிப்பு அதிகம். மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்றியிருக்கிறதா என்ற சோதனையை முறையாகச் செய்யுங்கள். எத்தனை முறை பிரித்து வளர்த்தது என்ற எண்ணையும் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

சீரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செல்லுக்கு உணவாக ஊற்றும் கன்றுக்குட்டிச் சீரத்திலேயே 2-ஏஜி இருக்கிறது. வேறு பல தூண்டிகளும் இருக்கின்றன. நீங்கள் மருந்து போடும் முன்பே ஏற்பிக்கு யாரோ விருந்து வைத்தாயிற்று. சோதனைக்கு முன் சீரம் இல்லாத ஊடகத்துக்கு மாற்றுங்கள். ஈஆர்கே பார்ப்பதென்றால் சில மணி நேரம் முன்பே.

ஏற்பி அளவுக்கு மீறி இருந்தால் இன்னொரு வேடிக்கை நடக்கும். டிஎச்சி பகுதி அகோனிஸ்ட் என்று சொன்னேன் அல்லவா? ஏற்பிகள் குவிந்து கிடக்கும் செல்லில் அதுவும் முழு அகோனிஸ்ட் மாதிரி நூறு சதவீதம் காட்டிவிடும். ஒவ்வொரு ஏற்பியும் அரைகுறையாகத் தள்ளினாலும் தள்ளுகிற கைகள் ஏராளம். எனவே "இந்த மருந்து முழுமையானது" என்று எழுதும்போது, எந்தச் செல்லில், எந்த அளவீட்டில் என்பதைச் சேர்த்தே எழுதுங்கள்.

ஆறாம் படி: முதல் சோதனை, சைக்ளிக் ஏஎம்பி

ஹவ்லெட் தொடங்கிய இடத்திலேயே நீங்களும் தொடங்குங்கள். ஒரு சிக்கல்: சும்மா இருக்கும் செல்லில் சைக்ளிக் ஏஎம்பி ஏற்கெனவே மிகக் குறைவு. குறைவானதை இன்னும் குறைத்தால் கருவிக்குத் தெரியாது. அதனால் முதலில் ஃபோர்ஸ்கோலின் போட்டு அதை ஏற்ற வேண்டும். மருந்துக்கூர்க்கன் கிழங்கிலிருந்து வரும் பொருள் அது. அடினைலைல் சைக்ளேஸை நேரடியாகத் தட்டி எழுப்பும். கூடவே ஐபிஎம்எக்ஸ் போன்ற ஒன்று, உருவான சைக்ளிக் ஏஎம்பி உடைந்துபோகாமல் தடுக்க.

ஃபோர்ஸ்கோலின் எவ்வளவு? இதை யாரிடமும் கேட்காமல் நீங்களே ஒரு நாள் ஒதுக்கிக் கண்டுபிடியுங்கள். முழு வீச்சில் போட்டால் நொதி வெறிகொண்டு ஓடும், சிபி1 போடும் பிரேக் தெரியவே தெரியாது. உச்சத்தில் பாதியிலிருந்து முக்கால்வாசிக்குள் ஏற்றும் அளவே என் கணக்கு.

பிறகு ஒரே தட்டில் இவை இருக்கட்டும்: கரைப்பான் மட்டும், ஃபோர்ஸ்கோலின் மட்டும், ஃபோர்ஸ்கோலினோடு சிபி-55940 பதினொரு அளவில், அதே வரிசை, முன்கூட்டியே ரிமோனாபன்ட் போட்டது, ரிமோனாபன்ட் தனியாக. இன்னொரு தட்டில் இதெல்லாம் ஏற்பி இல்லாத செல்லில். மூன்றாவது தட்டு, முந்தைய நாள் மாலையே பெர்டுசிஸ் டாக்சின் போட்டு இரவு முழுக்க வைத்தது.

ஏற்பி இருக்கும் செல்லில் கோடு இறங்க வேண்டும். ரிமோனாபன்ட் இருந்தால் அதே கோடு வலப்பக்கம் நகர வேண்டும். ஏற்பி இல்லாத செல்லில் படுத்தே கிடக்க வேண்டும். பெர்டுசிஸ் தட்டில் இறக்கம் காணாமல் போக வேண்டும். சில செல்களில் போகாமல், தலைகீழாக ஏறவும் செய்யலாம். பயந்து தட்டைத் தூக்கிப்போடாதீர்கள். ஜிஐ வழி அடைபட்டால் சிபி1, அதே நொதியைத் தூண்டும் ஜிஎஸ் புரதத்தோடும் பேசும் என்பது 1997இலேயே தெரிந்த விஷயம்.

இன்னொன்று, வெட்கப்படாமல் சொல்கிறேன்: எந்தக் கிட் என்று பாருங்கள். பலவற்றில் செல்லின் சைக்ளிக் ஏஎம்பி, கிட்டில் இருக்கும் ஒளிரும் சைக்ளிக் ஏஎம்பியோடு போட்டி போடும். அதாவது சைக்ளிக் ஏஎம்பி கூடினால் ஒளி குறையும். தெரிந்த அளவுகளால் வரையும் நியமக் கோட்டை வைத்து மாற்றாமல் கச்சா எண்ணைப் பார்த்து, தடுப்பானைத் தூண்டி என்று அறிவித்தவர்கள் எண்ணிக்கை குறைவில்லை.

ஏழாம் படி: ஈஆர்கே, காக்கையின் சொந்த ஊர்

ஈஆர்கே எதற்கெடுத்தாலும் விழித்துக்கொள்ளும். குளிர்ந்த பஃபர் ஊற்றினால், வேகமாக ஊற்றினால், தட்டைத் தடால் என்று வைத்தால்கூட. கரைப்பான் மட்டும் போட்ட கிண்ணத்தை, மருந்துக் கிண்ணத்தின் அதே நேரத்துக்கு, அதே கையால், அதே வேகத்தில் வைக்காமல் ஈஆர்கே பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதீர்கள்.

முதலில் நேர வரிசை: 0, 2, 5, 10, 20, 30 நிமிடம். சிபி1இல் உச்சம் பெரும்பாலும் ஐந்து நிமிடத்தை ஒட்டி வரும், பிறகு இறங்கும். உச்சம் எங்கே என்று உங்கள் செல்லில் தெரிந்த பிறகுதான் அளவு வரிசை. வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) செய்தால் பாஸ்பேட் ஏறிய ஈஆர்கேயோடு மொத்த ஈஆர்கேயையும் பாருங்கள்.

ஆன்டிபாடி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஈஆர்கேக்கு நல்ல ஆன்டிபாடிகள் உண்டு. சிபி1, சிபி2 ஏற்பிகளைக் காட்டும் என்று விற்கப்படுபவற்றில் பல, ஏற்பியே இல்லாத திசுவிலும் அழகாகப் பட்டை காட்டும். மரபணு நீக்கிய எலியின் திசுவைப் பக்கத்தில் ஓட்டாத சிபி2 படத்தை நான் நம்புவதில்லை. கொஞ்சம் கடுமையான நிலைப்பாடுதான்.

எட்டாம் படி: பிணைப்புச் சோதனை, கொஞ்சம் மட்டும்

செல் என்ன செய்கிறது என்பது ஒன்று, மருந்து எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்பது வேறு. ஒட்டுதலை அளக்க ட்ரிட்டியம் ஏற்றிய மருந்தைச் சவ்வோடு கலந்து, வடிகட்டி, கதிரியக்கத்தை எண்ணுவோம். நம் மருந்துகள் வடிதாளிலும் ஒட்டும். எனவே மிகையான அளவு சாதாரண மருந்து போட்டும் மிச்சமிருக்கும் எண்ணிக்கையைத் தனியாக அளந்து கழிக்க வேண்டும். வடிதாளை முன்கூட்டியே ஊறவைத்து, பிஎஸ்ஏ கலந்த குளிர்ந்த பஃபரால் கழுவினால் அந்த மிச்சம் குறையும்.

போட்டிச் சோதனையில் கிடைக்கும் பாதித்தடை அளவை அப்படியே கட்டுரையில் போடாதீர்கள். அது நீங்கள் எவ்வளவு ட்ரிட்டிய மருந்து ஊற்றினீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். செங்-ப்ரூசாஃப் சமன்பாட்டால் மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக ட்ரிட்டிய மருந்தின் பிணைப்பு மாறிலி 1 நானோமோலார், நீங்கள் ஊற்றியதும் 1 நானோமோலார் என்றால், கிடைத்த எண்ணை இரண்டால் வகுக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: எண்களோடு உட்காருங்கள்

ஒரே தட்டில் மூன்று கிண்ணம் வைத்தால் அது மூன்று சோதனை ஆகாது. உங்கள் கை நடுங்குகிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். வேறு நாளில், புதிதாக விதைத்த செல்லில், புதிதாக நீர்த்த மருந்தில் செய்தால்தான் இரண்டாவது. அப்படி மூன்று, முடிந்தால் ஐந்து. பாதிவிளைவு அளவைச் சராசரி எடுப்பதென்றால் மடக்கையாக மாற்றிய பிறகு எடுங்கள். 1, 10, 100 ஆகியவற்றின் சராசரி 37 என்று வரும். மடக்கையில் பார்த்தால் 10. உங்கள் தரவுக்கு இரண்டாவதுதான் பொருந்தும்.

சில மாதங்களில் யாராவது வந்து, "இந்த மருந்து ஜி புரத வழிக்குச் சாய்வு உள்ளது, அரெஸ்டின் பக்கம் போகவே இல்லை" என்பார்கள். சாய்வு என்பது உண்மையான விஷயம். ஆனால் சைக்ளிக் ஏஎம்பி சோதனை சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்கிக் காட்டும். அரெஸ்டின் சோதனையில் அந்தப் பெருக்கம் பெரும்பாலும் இல்லை. எந்தப் பலவீனமான பகுதி அகோனிஸ்டும் முதலாவதில் தெரியும், இரண்டாவதில் தெரியாது. டிஎச்சியே அப்படித்தான். ஆகவே சாய்வு என்று சொல்லும் முன் ஒப்பீட்டு மருந்தை இரண்டு சோதனையிலும் ஓட்டி, இந்தப் பெருக்கத்தையும் கணக்கில் எடுக்கும் பிளாக்-லெஃப் மாதிரியில் போட்டு, வித்தியாசம் அப்போதும் நிற்கிறதா என்று பாருங்கள்.

முதல் மாதத்துக்கு என் கால அட்டவணை இது. முதல் வாரம் செல் வளர்ப்பும் படம் வரைவதும். இரண்டாவது வாரம் ஃபோர்ஸ்கோலின் மட்டும், இரண்டு வகைச் செல்லிலும். மூன்றாவது வாரம் சிபி-55940, மூன்று வெவ்வேறு நாளில். மூன்றுமுறையும் கோடு ஏறத்தாழ ஒரே இடத்தில் விழும்வரை அடுத்ததற்குப் போக வேண்டாம். விழாவிட்டால் செல்லைக் குறை சொல்லும் முன் பிஎஸ்ஏ புட்டியின் லேபிளைப் படியுங்கள். நான்காவது வாரம் ரிமோனாபன்ட், பெர்டுசிஸ். டிஎச்சி குப்பியை அதற்கப்புறம் திறக்கலாம். அதற்குள் உரிமமும் வந்திருக்கும்.